நகமளவு இடம்

ஒரு மனிதர் உளூ செய்துவிட்டு வந்தார். அவருடைய பாதத்தில் ஒரு நகத்தின் அளவுக்கு இடம் நனையாமல் விடுபட்டிருந்தது. எம்பெருமானார் (ஸல்) அவர்கள் அதைக் கண்டார்கள். திரும்பிச் சென்று உளூவை அழகுறச் செய்யும்படி அவரை ஏவினார்கள். அவர் திரும்பிப் போனார், செவ்வையாக உளூ செய்தார், பிறகு தொழுதார். ஹளரத் உமர் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் ஷரீபில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

மதரஸாவில் இந்த ஹதீஸை ஓதிய காலத்தில் 'நகமளவு' என்பதை ஓர் அளவாக மட்டுமே நாம் கண்டோம். அந்த நகமே ஒருநாள் கேள்வியாக வந்து நம் முன் நிற்கும் என்றோ, அதற்குப் பதில் சொல்வதில் நாமே பிழை செய்வோம் என்றோ அன்று எண்ணவில்லை.

திரைக்குப் பின்னிருந்து வந்த சீட்டு

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் ஆவடிச் சாலை வந்து சேரும் இடம் கரையான்சாவடி. மெட்ரோ ரயிலுக்காக எழுப்பப்பட்ட தூண்கள் சாலையோடு வரிசையாகச் செல்ல, அவற்றின் நிழலில் கடைகளும் பட்டறைகளும் நெருங்கி நிற்கின்றன. கார்களுக்கு வர்ணம் பூசும் பட்டறையும் உண்டு. பெண்களுக்கான அழகு நிலையமும் உண்டு. அங்கே ஓர் இல்லத்தின் மாடியில் வாரம் ஒருமுறை பெண்களுக்கான பயான் நடக்கும். திரைக்கு இப்பால் நாம் அமர்ந்து பேசுவோம். பயான் முடிந்ததும் சகோதரிகள் தங்கள் சந்தேகங்களைச் சீட்டில் எழுதிச் சிறுவன் ஒருவனிடம் கொடுத்தனுப்புவார்கள்.

அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள், நாலாக மடித்த சீட்டு ஒன்று வந்தது. அதில் இருந்ததன் சாரம் இதுதான்: "ஹஜ்ரத், நான் அழகு நிலையத்தில் வேலை செய்கிறேன். வருகிறவர்களின் கைகளைச் சுத்தம் செய்து, நகத்தைத் திருத்தி, வண்ணம் பூசுவது என் வேலை. என் நகம் நன்றாக இருந்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று முதலாளியம்மா சொல்கிறார்கள். வெயில் காலத்தில் நகம் காய்ந்து பிளந்து போகிறது. அதனால் ஜெல் என்ற கெட்டிப் பூச்சைப் போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். அது இரண்டு மூன்று வாரம் நிற்கும். நகத்தைக் காப்பாற்றுவது தப்பா? இதோடு தொழுதால் கூடுமா?"

நாம் என்ன பதில் சொன்னோம்? பூச்சு இருக்கும் வரை நகத்தில் தண்ணீர் படாது. தண்ணீர் படாவிட்டால் உளூ இல்லை. உளூ இல்லாவிட்டால் தொழுகை இல்லை. மூன்றே வரிகள். அத்துடன் நில்லாமல், பெண்களின் நாகரிக மோகத்தைப் பற்றி நாலு வார்த்தை காரமாகவும் பேசிவிட்டு அடுத்த சீட்டைப் பிரித்தோம்.

மூன்று வாரம் சென்றிருக்கும். அந்த வீட்டுப் பெரியம்மா வாசற்படியில் நம்மை நிறுத்திச் சொன்னார்: "ஹஜ்ரத், சீட்டு எழுதிச்சே அந்தப் புள்ள, தொழுகையையே விட்டுடுச்சு. கூடாத தொழுகையை எதுக்குத் தொழணும்னு கேக்குது. நானும் சொல்லிப் பார்த்துட்டேன்."

நமக்குச் சுரீரென்றது. நாம் சொன்ன மஸ்அலா தவறா? இல்லை. நான்கு மத்ஹபுகளிலும் அதுவே சட்டம். பிறகு எங்கே பிழை நேர்ந்தது? சட்டம் சரியாக இருந்தும் ஒரு பெண் தொழுகைப் பாயை மடித்து வைத்துவிட்டாள் என்றால், சொன்னவரிடம் கேட்க வேண்டிய கணக்கு ஏதோ இருக்கத்தானே செய்கிறது?

ஒரே பூச்சு, இரண்டு பதில்கள்

அன்றிரவு வேறொரு நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன், அஸர் நேரத்தில், கார்களுக்கு வர்ணமடிக்கும் தம்பி ஒருவர் பள்ளிவாசலின் ஹவுளுக்கு அருகே கைகளைப் பார்த்துக்கொண்டு தயங்கி நின்றார். விரல்களிலும் நகங்களிலும் பெயிண்ட் காய்ந்து கெட்டியாகியிருந்தது. நாம் அவருடைய தோளைத் தட்டி, பட்டறையிலிருந்து கொஞ்சம் தின்னர் எடுத்து வந்து துடைத்துவிட்டு உளூ செய்யச் சொன்னோம். ஜமாஅத் தவறினாலும் பரவாயில்லை, நேரம் இருக்கிறது என்றோம். நாளை முதல் வேலைக்குக் கையுறை போட்டுக்கொண்டால் சிரமம் இருக்காது என்றும் யோசனை சொன்னோம். அவர் ஓடிப் போய்த் துடைத்து வந்து தொழுதார்.

இப்போது எண்ணிப் பாருங்கள். நகத்துக்குப் பூசும் சாதாரணப் பாலிஷ், நைட்ரோ செல்லுலோஸ் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டது. கார்களுக்கு அந்நாளில் பூசிய பளபளப்பான வர்ணமும் அதே பொருளிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் 1932இல் தொடங்கிய ரெவ்லான் நிறுவனம் நகப்பூச்சை வைத்தே பெயர் பெற்றது. இரண்டும் ஏறக்குறைய ஒரே குடும்பம். இரண்டும் தண்ணீரைத் தடுப்பவை. இரண்டுக்கும் சட்டமும் ஒன்றே. ஆனால் அந்தத் தம்பிக்கு வழி காட்டினோம். இந்தத் தங்கைக்கு வாசலை அடைத்தோம். அவருக்குத் தின்னர் சொன்னோம். இவருக்குத் தீர்ப்பு மட்டும் சொன்னோம். அவருடையது உழைப்பு என்றும், இவருடையது மோகம் என்றும் நாமாகவே முடிவு கட்டினோம். இவருடைய சீட்டிலும் உழைப்புத்தானே எழுதியிருந்தது?

ஒரு வித்தியாசம் உண்டென்று சிலர் சொல்லக்கூடும். வர்ணமடிப்பவரின் கையில் பெயிண்ட் தானாக ஒட்டுகிறது. இந்தப் பெண்ணோ வேண்டுமென்றே பூசிக்கொள்கிறாள். உண்மைதான். எவ்வளவு தேய்த்தும் போகாமல் நிற்கும் சிறு துகளுக்குத் தொழிலின் நிர்ப்பந்தம் கருதிச் சலுகை சொன்ன புகஹாக்கள் உண்டு. நாமே பூசிக்கொண்ட, நாமே அகற்றக்கூடிய பூச்சுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் இந்த வித்தியாசம் சட்டத்தின் அளவில்தான். அன்பின் அளவில் இருவருக்குமிடையே வித்தியாசம் வைக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது?

அந்தச் சீட்டில் இரண்டு கேள்விகள் இருந்தன. இரண்டாவதற்கு மட்டுமே நாம் பதில் சொன்னோம். நகத்தைக் காப்பாற்றுவது தப்பா என்ற முதற் கேள்வியைத் தொடவேயில்லை. அதையும் சேர்த்து இங்கே சிந்திப்போம்.

நகம் யாருடையது?

நம் உடல் நம்முடையதன்று. அல்லாஹுத் தஆலா நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மறுமையில் எலும்புகளை ஒன்றுசேர்ப்பது பற்றிப் பேசும் திருமறை வசனம், மனிதனுடைய விரல் நுனிகளையும் செம்மையாக்க ஆற்றல் பெற்றவன் அவன் என்று சொல்கிறது. விரல் நுனி அவ்வளவு அற்பமானதாக இருந்தால் அந்த இடத்தில் அது பேசப்பட்டிருக்குமா?

அமானிதத்தைப் பேணுவது கடமை. நகத்தை வெட்டுவது இயற்கை நெறியான பித்ராவைச் சேர்ந்த ஐந்து காரியங்களில் ஒன்று என்று புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் வருகிறது. நாற்பது நாட்களுக்கு மேல் வெட்டாமல் விடக் கூடாதென்று காலவரை வகுக்கப்பட்டதாக ஹளரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நம் ஊர்ப்பக்கத்தில் வெள்ளிக்கிழமை நகம் வெட்டினால் வீட்டுக்கு ஆகாது, விளக்கு வைத்த பிறகு வெட்டினால் தரித்திரம் என்பார்கள். மார்க்கத்தில் இதற்கு இடமில்லை. ஜும்ஆவுக்காகச் சுத்தமாகும் வெள்ளிக்கிழமையை நகம் வெட்டச் சிறந்த நாளாகவே நம் இமாம்கள் சொல்லியிருக்கிறார்கள். எந்த விரலில் தொடங்குவது என்பதற்கு ஆதாரபூர்வமான ஹதீஸ் எதுவும் இல்லை என்று ஹாபிள் இப்னு ஹஜர் அல் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இதில் சண்டைக்கும் இடமில்லை.

வெட்டச் சொன்ன அதே மார்க்கம் வெட்டாமல் காக்கவும் சொல்கிறது. குர்பானி கொடுக்க நிய்யத் வைத்தவர், துல்ஹஜ் பிறை பிறந்தது முதல் குர்பானி கொடுக்கும் வரை முடியையும் நகத்தையும் களையாதிருக்க வேண்டும் என்ற ஹதீஸை உம்முல் முஃமினீன் உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் அவ்வாறு விட்டுவைப்பது சுன்னத். ஹனபி மத்ஹபில் முஸ்தஹப்பு. இஹ்ராமில் இருக்கும் ஹாஜிக்கோ நகம் வெட்டுவது தடையே ஆகும். சமீப ஆண்டுகளில் இந்தப் பத்து நாட்களும் கோடையிலேயே வந்தன. நம் நாட்டில் ஹஜ்ஜுப் பெருநாள் 2023இல் ஜூன் 29, 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7 ஆகிய தேதிகளில் அமைந்தது. 2025இல் அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு துல்ஹஜ் பிறை பிறந்தது.

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. வெட்டு என்றால் வெட்டுகிறோம். விடு என்றால் விடுகிறோம். நகம் ஒன்றுதான், அதற்குரிய கட்டளை நாளுக்கு நாள் மாறுகிறது. வளர்ந்த நகம் என்பதற்காக அது வெறுக்கத்தக்கதும் அல்ல. வெட்டிய நகம் என்பதற்காக அது குப்பையும் அல்ல. வெட்டிய நகத்தையும் மண்ணில் புதைப்பதே சிறப்பு என்று புகஹாக்கள் எழுதியிருப்பதைக் கவனியுங்கள்.

ஆகவே முதற் கேள்விக்குப் பதில் தெளிவு. நகத்தைக் காப்பாற்றுவது தப்பல்ல. அது நம் பொறுப்பு. நகத்தின் பொருட்டு அதைத் தந்தவனின் கட்டளை பின்னுக்குப் போகும்போதுதான் தப்பு பிறக்கிறது. நாம் நகத்தைப் பேணலாம். நகம் நம்மை ஆளக் கூடாது.

அழகு கூடாதா?

அப்படியானால் அலங்காரம் கூடாதா என்று சகோதரிகள் கேட்கலாம். அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடை செய்தவர் யார் என்று திருமறையே கேட்கிறது. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்ற கருத்தும் முஸ்லிம் ஷரீபில் வருகிறது. திரைக்குப் பின்னிருந்து ஒரு கை, அண்ணலாரிடம் ஒரு மடலை நீட்டியதாகவும், அது ஆணின் கையா பெண்ணின் கையா என்று அவர்கள் வினவியதாகவும், பெண்ணுடையது என்று தெரிந்தபோது நகங்களில் மருதாணியின் நிறமாவது ஏற்றியிருக்கலாமே என்ற கருத்தில் சொன்னதாகவும் ஹளரத் ஆயிஷா (ரலி) அவர்கள் வழியே அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள். ஆயினும் பெண்ணின் நகத்துக்கு மருதாணி நிறம் ஏற்றுவது ஆகுமானது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நமக்கும் திரைக்குப் பின்னிருந்துதான் ஒரு சீட்டு வந்தது. அவர்களின் அணுகுமுறை எங்கே, நம்முடைய பதில் எங்கே என்று எண்ணும்போது வெட்கமாக இருக்கிறது.

பெருநாள் இரவுகளில் நம் வீட்டுப் பெண்கள் மருதாணி இலையை அம்மியில் வைத்து, கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து மைய அரைத்து, விரல் நுனிகளுக்குத் தொப்பி போல் வைத்துக்கொள்வார்கள். காலையில் விழுதை உதிர்த்துக் கழுவினால் நகம் சிவந்திருக்கும். அந்தச் சிவப்பு நகத்தின் மேல் படியும் ஏடு அன்று. மருதாணியில் உள்ள லாசோன் என்ற சாயப்பொருள் நகத்தில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தோடு கலந்து நிற்கிறது. ஆகவே மேலே ஊற்றும் தண்ணீர் நகத்தையே தொடுகிறது. விழுது ஒட்டியிருந்தால் உளூ கூடாது. நிறம் மட்டும் இருந்தால் கூடும் என்று பழைய கிதாபுகள் சொன்னதன் நியாயம் இப்போது விளங்குகிறதல்லவா?

சாயம் வேறு, படலம் வேறு. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிச் சந்தேகங்கள் தாமே தீரும். எண்ணெய் தடவிய கையில் தண்ணீர் உருண்டோடினாலும் உளூ கூடும். எண்ணெய்க்குத் தடித்த உடல் இல்லை. காய்ந்த மாவும் மெழுகும் நகத்தில் ஒட்டியிருந்தால் கூடாது. அவற்றுக்கு உடல் உண்டு. நகப் பாலிஷும் ஜெல்லும் இந்த இரண்டாம் வகை.

மூன்று வாதங்கள்

இங்கே சில வாதங்கள் எழுகின்றன. அவற்றை ஏளனம் செய்யாமல் எடைபோட வேண்டும்.

முதலாவது, தோல் காலுறையான குஃப்பை உளூவோடு அணிந்தால் அதன் மேல் மஸஹ் செய்யலாமே, அதுபோல் உளூவோடு பாலிஷ் பூசிக்கொண்டால் என்ன என்பது. குஃப்பின் மேல் மஸஹ் செய்வது நபிவழியில் நேரடியாக வந்த சலுகை. அது காலுக்கு மட்டும் வந்தது. அதற்குக் காலவரையும் உண்டு. ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு. சலுகை வந்த இடத்திலிருந்து அதை நம் விருப்பப்படி கைவிரலுக்கு நகர்த்த முடியாது.

இரண்டாவது, புண்ணின் கட்டுக்கு மேல் மஸஹ் உண்டே என்பது. கட்டுக்குக் காரணம் காயம். அதை அவிழ்த்தால் தீங்கு வரும். நகம் உண்மையாகவே பிளந்து, வைத்தியர் மருந்திட்டுக் கட்டச் சொன்னால் அந்தச் சட்டம் பொருந்தும். அழகுக்கான பூச்சுக்கு அது பொருந்தாது.

மூன்றாவது, இக்காலத்து வாதம். காற்றையும் ஈரத்தையும் உள்ளே விடும் நகப்பூச்சு என்று போலந்து நாட்டின் இங்லாட் நிறுவனம் ஒரு வகையைத் தயாரித்தது. முஸ்லிம் பெண்கள் உளூவோடு அதைப் பயன்படுத்தலாம் என்ற பேச்சு 2012, 2013 ஆண்டுகளில் உலகச் செய்தியாயிற்று. அதன் பிறகு பல நிறுவனங்கள் 'ஹலால்' என்ற பெயரில் இத்தகைய பூச்சுகளைக் கொண்டுவந்தன. உலமாக்களில் சிலர் சோதித்துப் பார்த்து அனுமதித்தார்கள், பலர் தயங்கினார்கள். தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆவியும் காற்றும் நுழைவது வேறு. கழுவுதல் என்று சொல்லத்தக்க வகையில் தண்ணீர் நகத்தைச் சேர்வது வேறு. பூச்சின் கனமும் எத்தனை முறை பூசுகிறோம் என்பதும் விளைவை மாற்றிவிடும். தொழுகை போன்ற பெரிய கடமையைக் குப்பியின் மேல் ஒட்டிய சீட்டை நம்பி விட்டுவிட முடியாது. பேணுதலான வழி, உளூவுக்கு முன் அகற்றிவிடுவதே.

மாதவிடாய் நாட்களில் தொழுகை இல்லை. அந்நாட்களில் தன் வீட்டில் ஒரு பெண் நகத்துக்கு வண்ணமிட்டுக்கொண்டால் அதைத் தடுக்க ஆதாரமில்லை. கடமையான குளிப்புக்கு முன் நீக்கிவிட வேண்டும், அவ்வளவே. ஒரு ஜனாஸாவிலும் இந்தப் பிரச்சினை வரும். மையித்தைக் குளிப்பாட்டும் பெண்கள் நகத்தில் பூச்சைக் கண்டால் பதறாமல், அசிட்டோன் தொட்ட பஞ்சால் மெதுவாக அகற்ற வேண்டும். சுரண்டி நோகச் செய்யலாகாது. உயிரோடிருப்பவருக்குரிய கண்ணியம் மையித்துக்கும் உண்டு. அதோடு, போனவர் நகத்தில் பூச்சு இருந்ததென்று வெளியே வந்து பேசுவது, குளிப்பாட்டியவர் செய்யும் அமானித மோசடி.

கோடையில் நகத்தைப் பேணும் வகை

அந்தத் தங்கையின் கஷ்டம் கற்பனையல்ல. வெயில் காலத்தில் நகம் காய்வதும் பிளப்பதும் உண்மை. பூச்சு வேண்டாம் என்று சொல்பவர், பூச்சில்லாமல் காக்கும் வழியையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. கோடையில் சற்று வேகமாகவே வளரும். ஒரு கைநகம் முழுவதும் புதிதாக ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். ஆகவே இன்று நாம் செய்யும் கெடுதி பல மாதம் நகத்தில் நிற்கும். இன்று செய்யும் நன்மையும் பொறுமையாகத்தான் தெரியும்.

நகம் அடிக்கடி நனைந்து நனைந்து காய்வதால் வறண்டு ஏடு ஏடாகப் பிரிகிறது. அதற்காக உளூவைக் குறை சொல்லாதீர்கள். பாத்திரம் துலக்கும் சோப்பும், துணி துவைக்கும் பவுடரும், பாலிஷை அகற்றும் அசிட்டோனுமே பெரிய காரணங்கள். வீட்டு வேலைக்கு ரப்பர் கையுறை போடலாம். வியர்வைக்கு உள்ளே மெல்லிய பருத்தியுறை நல்லது. உளூ செய்தபின் கையைத் துடைத்துக்கொள்ளலாம். இஷாவுக்குப் பின் படுக்குமுன் ஒரு துளி தேங்காயெண்ணெயை நகத்தின் அடியிலும் ஓரத்திலும் தேய்த்துவிட்டால் போதும். மேலே சொன்னபடி, அந்த எண்ணெய் பஜ்ரு உளூவைத் தடுக்காது.

மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் நண்பகலில் கொதிக்கும். வெப்ப நாடுகளில் உலோகப் பாத்திரத்தில் வெயிலால் சூடேறிய தண்ணீரை மக்ரூஹ் என்று ஷாபிஈ கிதாபுகளில் படிக்கிறோம். நம் தொட்டிகள் பிளாஸ்டிக் என்பதால் அந்தச் சட்டம் இங்கே வராது. ஆயினும் சுடுநீர் தோலையும் நகத்தையும் வறட்டும். ஒரு குடம் தண்ணீரை நிழலில் பிடித்து வைத்து லுஹருக்கு அதில் உளூ செய்யுங்கள். தண்ணீரை வீணாக்காத சுன்னத்தும் அதில் சேரும்.

குளித்ததும் நகம் மென்மையாக இருக்கும். அப்போது வெட்டினால் பிளக்காது. கால் நகத்தை ஓரங்களில் ஆழமாக வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும். நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை அழகு நிலையத்தில் நறுக்கிவிடுகிறார்கள். அது நகத்தின் வேருக்கு அல்லாஹ் வைத்த மூடி. அதை நறுக்கினால் கிருமி புகுந்து நகச்சுத்து வரும். ஜெல்லைப் பிய்த்து எடுத்தால் நகத்தின் ஏடும் சேர்ந்து வரும்; தூக்கிக்கொண்ட ஜெல்லின் அடியில் ஈரம் தங்கினால் நகம் பச்சை பூத்துப் போவதும் உண்டு. அப்படியானால் மேலே இன்னொரு பூச்சால் மறைக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், அடுப்பருகே திறக்கலாகாது. உடனே கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் மருதாணிக் குழம்புகளில் முடிச்சாயத்தின் கடுமையான ரசாயனம் கலந்திருப்பதுண்டு. தோலை வெந்துபோகச் செய்யும். இலையை அரைத்து வைப்பதே நலம்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்களின் நகத்தைப் பற்றிப் பேசும் நம்மில் எத்தனை பேர் சுண்டுவிரல் நகத்தை மட்டும் அரை அங்குலம் வளர்த்து, அதன் அடியில் கறுப்பு அழுக்கைச் சேர்த்து வைத்திருக்கிறோம்? அந்த அழுக்கு தண்ணீரைத் தடுத்தால் உளூ கூடுமா என்பதில் ஷாபிஈ கிதாபுகளில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஹனபி மத்ஹபில் சலுகை இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தேவை கருதி அதில் இலேசு காட்டியிருக்கிறார்கள். அதே இமாம் அவர்கள்தாம், வெளிச் சுத்தத்தில் நுணுக்கம் பார்த்துவிட்டு, பெருமையும் முகஸ்துதியும் நிறைந்த உள்ளத்தைக் கவனியாமல் விடுகிறவர்களை இஹ்யாவில் கண்டிக்கிறார்கள். நகத்தின் மேல் பூச்சு தண்ணீரைத் தடுக்கிறது. உள்ளத்தின் மேல் பெருமை நஸீஹத்தைத் தடுக்கிறது. அந்தப் பூச்சு நம் உள்ளத்திலும் படிந்திருந்ததைக் கரையான்சாவடியில் கண்டுகொண்டோம்.

திரும்பிப் போய், மீண்டும் வா

மீண்டும் அந்த ஹதீஸுக்கு வருவோம். நகமளவு இடம் விடுபட்டவரை அண்ணலார் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஏன் அனுப்பினார்கள்? உளூவைச் சரிசெய்து தொழுவதற்காக. தொழுகையைச் செவ்வனே தொழாத இன்னொரு மனிதரை மூன்று முறை திருப்பி அனுப்பியதும் ஹதீஸில் வருகிறது. மூன்றாம் முறை அவர் தமக்குக் கற்றுத் தருமாறு வேண்டிக்கொண்டபோது, பெருமானார் அவர்கள் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தார்கள். திருப்பி அனுப்பியது விரட்டுவதற்காக அல்ல. நிறைவான தொழுகையோடு திரும்பி வருவதற்காக.

நாமோ பாதியை மட்டும் சொன்னோம். 'போ' என்றோம், 'சரிசெய்துகொண்டு வா' என்று சொல்லவில்லை. மஸ்அலாவின் மறுபாதியைச் சொல்லாமல் விட்டதும், நனையாமல் விட்ட நகமளவு இடம்தான்.

கூடாத தொழுகையை எதற்குத் தொழ வேண்டும் என்று அந்தத் தங்கை கேட்டதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஒரு நிபந்தனை குறைந்தால் அந்த நிபந்தனையை நிறைவேற்ற வேண்டும். கடமையை விடுவது பரிகாரம் ஆகாது. கூரை ஒழுகுகிறது என்று யாராவது வீட்டை இடிப்பார்களா?

அடுத்த வாரப் பயானில் பெயர் சொல்லாமல், ஆள் காட்டாமல், முதலில் நம் பிழையை ஒப்புக்கொண்டோம். பிறகு பதிலை முழுமையாகச் சொன்னோம். பெண்ணுக்குப் பெண் நகம் திருத்தும் தொழில் தன்னளவில் ஆகுமானது. அதில் வரும் ஊதியம் ஹலால். ஆனால் தன் நகத்தில் பூச்சை நிறுத்திவைத்துத் தொழுகையை இழக்க அனுமதியில்லை. இருக்கும் ஜெல்லை முறையாக ஊறவைத்து அகற்றிவிட்டு இன்றே தொழுகையைத் தொடங்க வேண்டும். விடுபட்டவற்றைக் களாச் செய்ய வேண்டும். பூச்சோடு தொழுதவை இருந்தால் அவற்றையும் மீட்ட வேண்டும். குட்டையாகத் திருத்தி, மெருகேற்றும் அரத்தால் இலேசாகத் தேய்த்த நகம் பூச்சில்லாமலே பளபளக்கும். அடிக்கடி தேய்த்தால் மெலிந்துவிடும் என்பதால் அளவோடு செய்ய வேண்டும். அதற்கு மேல் மருதாணியின் சிவப்பு இருக்கிறது. முதலாளியம்மாவிடம் பணிவாகவும் தெளிவாகவும் சொல்லிப் பார்க்க வேண்டும். ரிஸ்கு அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அதைத் தேடும் முயற்சி நம் கையில் இருக்கிறது.

முதலாளியம்மா என்ன சொன்னார்கள் என்று நாம் விசாரிக்கவில்லை. துல்ஹஜ் முதற் பத்தில் திரைக்குப் பின்னிருந்து மீண்டும் ஒரு சீட்டு வந்தது. அதே கையெழுத்து: "ஹஜ்ரத், எங்க வீட்டில் இந்த வருஷம் என் சம்பளத்தில் என் பேரில் குர்பானி. நகம் வெட்டாமல் விட்டிருக்கிறேன். பூச்சு இல்லை. ஒரு விரலில் நகம் பிளந்து உடையில் மாட்டி வலிக்கிறது. அந்த ஒன்றை மட்டும் வெட்டலாமா?"

வெட்டலாம் அம்மா, நோவு தரும் துண்டை நீக்குவதில் குற்றமில்லை என்று சொன்னோம். இம்முறை அடுத்த சீட்டைப் பிரிக்க அவசரப்படவில்லை. எண்ணெய் தேய்க்கவும் சொன்னோம்.

கரையான்சாவடி, குமணன்சாவடி என்று இந்தச் சாலையில் எத்தனை சாவடிகள்! சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம். துன்யாவும் அப்படித்தான். தங்கியிருக்கும் வரை கைகளைப் பேணுவோம். அவற்றை எழுப்பித் துஆக் கேட்க வேண்டிய நேரத்தில் தடையேதும் இல்லாமல் வைத்திருப்போம். நம் புறத்தையும் அகத்தையும் ஒரு நகமளவு இடமும் விடுபடாமல் தூய்மையாக்க வல்ல நாயன் அருள் புரிவானாக! பிறருக்கு மார்க்கம் சொல்லும் நாவில் இரக்கத்தையும் சேர்த்துத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.